ஜன்னல் வழியாகப் போட்ட பை

பண்டாரவளை ஸ்டேஷனில் பதுளை ரயிலுக்கு, ஊர் வாயில் கோச்சிக்கு, காத்து நிற்பவர்களிடம் ஒரு சட்டம் இருக்கிறது. யாரும் எழுதி ஒட்டியதில்லை. ஆனாலும் டிக்கட் பார்க்க வருபவர்கூட அதற்குக் கட்டுப்பட்டவர்தான். கோச்சி மெதுவாக வந்து நிற்கும்போதே ஜன்னல் வழியாகப் பையை உள்ளே போட்டுவிட வேண்டும். பை எந்த சீட்டில் விழுகிறதோ அந்த சீட் பைக்காரருடையது. அதன்பிறகு ஆற அமர ஏறிக்கொள்ளலாம். பையைத் தள்ளிவிட்டு உட்கார நினைக்கும் வெளியூர்க்காரனைப் பெட்டி மொத்தமும் சேர்ந்து வாய்க்கு வந்தபடி பேசி எழுப்பிவிடும்.

இதில் கைதேர்ந்தவள் தையற்காரி ஸுபைரா. ஐம்பதைத் தொடப்போகும் வயது, இரண்டு முழங்காலிலும் வலி. ஓடி ஏறும் தெம்பெல்லாம் போய் வெகு காலமாகிறது, ஆனால் கைக்குறி மட்டும் தப்பாது. வீடு பதுளையில், வேலை பண்டாரவளையில், ஒரு துணிக்கடையின் பின்பக்க அறையில். கணவர் மௌத்தாகிப் போன வருஷத்திலிருந்து காலையில் ஒரு கோச்சி, மாலையில் ஒரு கோச்சி என்று அவளுடைய வாழ்க்கை ஓடுகிறது. அவளுடைய பையைத் தெரியாதவர் அந்தப் பாதையில் கிடையாது. கடையில் மிஞ்சிய திரைத்துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டு அவளே தைத்தது, பச்சையில் மஞ்சள் பட்டி வைத்தது. அந்தப் பை ஒரு சீட்டில் கிடந்தால் அந்த இடம் மாரியாயிக்கு என்று அர்த்தம்.

மாரியாயி உடுவரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் இருப்பவள். கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு எல்ல என்ற சுற்றுலா ஊரில் ஒரு விருந்தினர் விடுதியில் படுக்கை விரிப்புத் துவைக்கிறாள். காலையில் உடுவரையில் ஏறுவாள், மாலையில் எல்லயில் ஏறுவாள். இரண்டு வேளையும் ஸுபைராவின் பைதான் அவளுக்கு இடம் பிடித்து வைக்கும். பதிலுக்கு லயத்துத் தோட்டத்தில் பறித்த கீரைக்கட்டு ஒன்று ஸுபைராவின் மடிக்கு வந்துவிடும். பன்னிரண்டு வருஷப் பழக்கம்; ஸுபைராவை அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். ஒருத்தி வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவள் வந்து பாத்திரம் கழுவிக் கொடுத்த உறவு.

ஸுபைரா ஆள் கலகலப்பானவள். பெட்டியில் அவள் ஏறினால் நாலு பேர் சிரிப்பார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவள் பெரிய பயந்தாங்கொள்ளி. அவளைக் கேலி செய்யுமுன் அந்தக் கதையைக் கேட்க வேண்டும்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த பிறகு, முஸ்லிம்கள் இருக்கும் அவர்களுடைய தெருவிலும் பொலிசார் வீடு வீடாகத் தேடினார்கள். மகன் றில்வான் அப்போது வீட்டு முன்னறையில் ஃபோனும் ரேடியோவும் பழுது பார்த்துக்கொண்டிருந்த காலம். கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி நிறைய வயரும் பழைய பற்றரியும் கிடந்தன. பெட்டியோடு அவனையும் கொண்டுபோனார்கள். நோன்பு போய், பெருநாளும் போய், ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிய நேரத்தில்தான் குற்றம் ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். போனவன் வாயாடி. திரும்பி வந்தவன் கேட்டால் மட்டும் பேசுகிறவன்.

அந்த வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளெல்லாம் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பையோடுதான் வர வேண்டும் என்றார்கள். மேசைக்கு விரிக்கும் கண்ணாடிப் பிளாஸ்டிக்கை வெட்டி மகள் பஹ்மாவுக்கும் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கும் ஸுபைராதான் பை தைத்துக் கொடுத்தாள். மகன் உள்ளே இருக்க, அவள் இங்கே பை தைத்துக்கொண்டிருந்தாள்.

அதெல்லாம் அடங்கி வருஷங்கள் ஓடிவிட்டன. றில்வான் கல்யாணம் முடித்து பஜாரில் சின்னதாக ஒரு கடை போட்டிருக்கிறான். மருமகள் ஷிஹானாவுக்கு இது நிறைமாதம். வீட்டில் சிரிப்புச் சத்தம் மறுபடியும் கேட்கிறது. ஆனால் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் ஸுபைரா இன்னும் கைவேலையைப் போட்டுவிட்டு மகன் எங்கே என்று தேடுவாள். மகனை இன்னொரு தடவை யாராவது கொண்டுபோய்விட்டால் தன் உயிர் தங்காது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

சம்பவம் நடந்த அன்று கடையில் ஒரு தையல் மெஷினின் மோட்டர் புகைந்து நின்றுவிட்டது. "மகன்ட குடுத்துப் பாருங்க" என்றார் கடைக்காரர். மோட்டரைக் கழற்றி, கால் மிதியையும் நீளமான கறுப்பு வயரையும் அதோடு சுற்றி, அபாயா தைத்து மிஞ்சிய கறுப்புத் துணியில் பொதிந்து பைக்குள் வைத்தாள் ஸுபைரா. மேலே சாப்பாட்டுப் பெட்டி. பக்கத்து ஜேபில் ஃபோன். கோச்சி ஏறும்போது இரண்டு கையும் வேண்டுமென்பதால் ஃபோனைக் கையில் வைத்துக்கொள்ள மாட்டாள்.

அன்று கோச்சி நன்றாகத் தாமதித்து வந்தது. கொழும்பிலிருந்து வருகிற வண்டி. எல்லயில் இறங்கும்வரை வாசலில் தொங்கிப் படம் எடுத்தே தீருவதென்று நேர்ந்துகொண்டு வந்தவர்கள் போல வெள்ளைக்காரர்கள் அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஸுபைரா பையைப் போட்டாள். மூன்றாவது பெட்டி, ஜன்னலோர சீட், குறி தப்பவில்லை. வாசலுக்குப் போனாள். முதுகில் ஆளுயரப் பையோடு ஒருவன், அவன் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி, அவர்களுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். "கொஞ்சம் வழி விடுங்க" என்று தமிழிலும் சிங்களத்திலும் கெஞ்சிப் பார்த்தாள். சிரித்தார்களே தவிர நகரவில்லை. அடுத்த வாசலுக்கு நடந்தாள். அங்கே போய்ச் சேருமுன் விசில் ஊதிவிட்டது.

கோச்சி நகர்ந்தது. ஸுபைரா கூடவே ஓடினாள். முழங்கால் மடங்கியது. பின்னாலிருந்து யாரோ தோளைப் பிடித்து இழுத்து, "சாகப் போறீங்களா நோனா?" என்று சிங்களத்தில் அதட்டினார்கள். கடைசிப் பெட்டி அவளைக் கடந்து போனது.

"என்ட பை" என்று கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

வேறு யாராக இருந்தாலும் நேரே ஸ்டேஷன் மாஸ்டரிடம் போயிருப்பார்கள். அவர் அடுத்த ஸ்டேஷனுக்கு ஃபோன் பண்ணி எடுத்து வைக்கச் சொல்லியிருப்பார். அடிக்கடி நடக்கிற சமாச்சாரம்தான். ஸுபைராவும் அந்த அறை வாசல்வரை போனாள். உள்ளே அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். வாசலுக்குப் பக்கத்தில், ஆளில்லாத பையைக் கண்டால் தொட வேண்டாம், உடனே பொலிசுக்கு அறிவியுங்கள் என்று ஒரு பலகை. தினமும் பார்க்கிற பலகைதான். இன்றைக்கு அது தன்னைப் பற்றி எழுதியது போல இருந்தது.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். மோட்டர், வயர், கறுப்புத் துணி. யாருக்கு? மகனுக்கு. மகன் பெயர் என்ன? அங்கிருந்து பேச்சு எங்கே போய் நிற்கும் என்று ஸுபைராவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கதவு நிலையில் வைத்த கையை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினாள்.

ஒரே வழிதான் இருந்தது. கோச்சி மலையைச் சுற்றிச் சுற்றி ஊர்ந்துதான் போகும், பஸ் முந்திவிடும். எல்லக்கு அடுத்து வரும் தெமோதரை ஸ்டேஷனில் போய்ப் பிடித்து, ஒன்றும் நடக்காதது போல ஏறி, பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். சீசன் டிக்கட்டும் சில்லறையும் எப்போதும் இடுப்பில் செருகிய குட்டிப் பையில் இருக்கும். அது இருந்தது. புறப்படத் தயாராக நின்ற பதுளை பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பஸ் பஜாரைத் தாண்டிய பிறகுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஃபோனில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு வைத்திருந்தாள். பொழுது சாய்ந்து மஃரிப் நேரம் வந்தால் தானாகவே பாங்கு சொல்லும். மகள் பஹ்மா செய்து கொடுத்தது; சத்தத்தைக் கூட்டியும் வைத்திருந்தாள். கோச்சி நேரத்துக்கு ஓடியிருந்தால் மஃரிபுக்குள் வீடு சேர்ந்திருக்கலாம். இன்றைக்குப் பாங்கு வழியில்தான் சொல்லும். ஆளில்லாத பைக்குள் இருந்து சொல்லும்.

"யா அல்லாஹ்," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பக்கத்து சீட்டுப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "நோவா, அம்மா? ஒக்காருறீங்களா?" என்று எழுந்துகொள்ளப் போனாள். வேண்டாமென்று தலையை ஆட்டினாள் ஸுபைரா. அந்தப் பெண்ணின் கையில் ஃபோன் இருந்தது. றில்வானின் நம்பர் மனப்பாடம். கேட்டால் தந்திருப்பாள். ஆனால் விஷயத்தைச் சொன்னால் அவன் கடையைப் பூட்டிவிட்டுப் பதுளை ஸ்டேஷனுக்கு ஓடிவந்து நிற்பான். அந்தப் பையைத் திறக்கிற நேரத்தில் பூமியில் எங்கே வேண்டுமானாலும் அவன் இருக்கட்டும், அங்கே மட்டும் இருக்க வேண்டாம்.

பஸ் வானொலியில் பாட்டு நின்று ஒரு குரல் அவசரமாகப் பேசத் தொடங்கியது. ஸுபைராவுக்கு மூச்சு நின்றது. சவர்க்கார விளம்பரம். இரண்டு வளைவு தாண்டி மறுபடியும் பாட்டு நின்றது, மறுபடியும் மூச்சு நின்றது. கும்பல்வெல சந்தியில் ஒரு பொலிஸ் ஜீப் ஹோர்ன் அடித்தபடி பஸ்ஸை முந்தி எல்ல பக்கம் திரும்பியதைப் பார்த்தபோது, எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தாள். யாரோ பையைப் பார்த்துவிட்டார்கள். சொல்லிவிட்டார்கள். போகிறார்கள்.

பையைக் கொண்டுபோனாலும் பரவாயில்லை, தன்னைக் கொண்டுபோனாலும் பரவாயில்லை, பிள்ளையை மட்டும் கொண்டுபோக வேண்டாம் என்று துஆ கேட்டாள். பிறக்கப்போகிற குழந்தையின் காதில் பாங்கு சொல்ல அவன் வேண்டும் என்று படைத்தவனிடம் நியாயம் பேசினாள்.

தெமோதரையில் இறங்கி ஸ்டேஷனுக்கு ஏறும்போது முழங்கால் இரண்டும் தீயாக எரிந்தன. மேடை வெறிச்சென்று கிடந்தது. கோச்சி இன்னும் வரவில்லை. கொடி வைத்திருந்த ஊழியரிடம் போய், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பாலத்துக்கிட்ட நிக்குதாம் நோனா," என்றார் அவர் சிங்களத்தில்.

"ஏன்?"

"தெரியாது. என்னவோ பிரச்சினையாம். தகவல் வந்தாச் சொல்றேன்."

எல்லயைத் தாண்டி வருகிற அந்த உயரமான ஒன்பது வளைவுப் பாலம். அங்கே கோச்சி மெதுவாகப் போகும், நிற்காது. ஸுபைரா பெஞ்சில் உட்கார்ந்தாள். தேயிலை மலையின் மேல் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. வானத்தைப் பார்த்தே அவளுக்கு நேரம் தெரியும். இப்போது பைக்குள் பாங்கு சொல்லியிருக்கும்.

கண்ணை மூடினால் படம் படமாக வந்தது. ஆட்கள் பெட்டியை விட்டுக் குதிக்கிறார்கள். பிள்ளைகள் அழுகின்றன. காலியான பெட்டியில் பச்சைப் பை மட்டும் தனியாக இருக்கிறது. தொழ வாருங்கள், வெற்றி பெற வாருங்கள் என்று அது கூப்பிடக் கூப்பிட, கேட்பவர்கள் எல்லோரும் பயந்து ஓடுகிறார்கள். அவள் வாழ்நாள் முழுக்கக் கேட்டு ஆறுதல் அடைந்த வார்த்தைகள். அதை நினைத்தபோது பயத்துக்கு நடுவிலும் ஸுபைராவுக்கு அழுகை வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தொழ வேண்டிய நேரத்தில் ஒரு ரயில்வே பெஞ்சில் திருடி மாதிரி உட்கார்ந்திருக்கிறோமே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

கடைசியில் மலைக்கு அப்பாலிருந்து கோச்சியின் சத்தம் கேட்டது. வளைவில் விளக்கு தெரிந்தது. வண்டி வந்து நின்றது. யாரும் குதிக்கவில்லை, பொலிஸ் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்றாவது பெட்டி ஜன்னலில் மாரியாயியின் முகம் தெரிந்தது.

"ராத்தா! எங்க போனீங்க ராத்தா? ஏறுங்க, ஏறுங்க!"

பை மாரியாயியின் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்திருந்தாள். சுற்றுலாக் கூட்டம் எல்லயில் இறங்கிவிட்டதால் பெட்டியில் இடம் இருந்தது. ஆனாலும் அவளுடைய சீட்டிலும் எதிர் சீட்டிலும் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஸுபைரா அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். கோச்சி நகர்ந்த பிறகு, மாரியாயி குரலைத் தணித்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

"எல்லயில ஏறுறேன், ஒங்க பை இருக்கு, ஒங்கள காணோம். கக்கூசுக்குப் போயிருப்பீங்கன்னு நெனச்சேன். பாத்தா சுத்தி ஒருத்தரும் இல்ல. ஒரு தடியன் நின்னுக்கிட்டு, இது யாரு பை, யாரு பைன்னு சிங்களத்துல சத்தம் போடுறான். மேலால தடவிப் பாத்தானாம், உள்ள வயர் இருக்காம். கார்ட கூப்புடப் போறேங்கிறான். என்னுதுதான்னுட்டேன்."

"அல்லாஹ்வே!"

"நீ இப்பத்தானே ஏறுனங்கிறான். ஆமா, எங்க அக்கா பண்டாரவளையில போட்டு எனக்கு எடம் புடிச்சு வச்சிருக்காங்க, வேணும்னா டெய்லி வாறவங்கள கேட்டுப் பாருன்னேன். தொறந்து காட்டுங்கிறான். பொம்பள பைய தொறக்கச் சொல்ல நீ யாருடான்னு கேட்டுட்டு, எடுத்து மடியில வச்சு ஒக்காந்துட்டேன். மொணங்கிக்கிட்டே அடுத்த பெட்டிக்குப் போயிட்டான். அப்பறம் பாலத்துக்கிட்ட கோச்சி நின்னுச்சு. எவனோ பறக்குற கேமராவ தண்டவாளத்துல விழ வச்சுட்டானாம், பொறுக்குற வரைக்கும் நின்னுச்சு. அப்பத்தான் உள்ளருந்து பாங்கு சொல்ல ஆரம்பிச்சிருச்சு ராத்தா!"

நெற்றியில் குங்குமம், மடியில் பாங்கு. பெட்டியே அவளைத் திரும்பிப் பார்த்ததாம்.

"எனக்கு நிப்பாட்டத் தெரியல. பாதியில நிப்பாட்டலாமா கூடாதான்னும் தெரியல. சொல்லி முடியிற வரைக்கும் பைய கட்டிப் புடிச்சுக்கிட்டு அப்படியே ஒக்காந்திருந்தேன்."

ஸுபைராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத கண்ணோடு சிரித்தாள். மாரியாயி சிரிக்கவில்லை. பையை இன்னும் கொடுக்கவும் இல்லை.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்குவீங்களா?"

"சொல்லு புள்ள."

"அவன் வயருன்னு சொன்னப்போ... ஒங்க பைதான்னு தெரியும். ஒங்க கையால தச்சது. தெரிஞ்சும் எனக்குப் பயம் வந்துருச்சு. ஒங்க மேலயே பயம் வந்துருச்சு ராத்தா. ஒரு நிமிசம்தான். மடியில வச்சப்போ எங்க வீட்டுப் புள்ளைங்கள நெனச்சுக்கிட்டேன்."

தெமோதரையில் கோச்சி மலையை ஒரு வட்டம் சுற்றி, ஸ்டேஷனுக்குக் கீழேயே ஒரு சுரங்கத்துக்குள் நுழையும். அந்த இருட்டு வந்தது. சுரங்கத்தைத் தாண்டியதும் ஸுபைரா பையை மெல்ல அவளிடமிருந்து வாங்கி, வாயைத் திறந்தாள்.

"வேணாம் ராத்தா."

"பாரு. இது சாப்பாட்டுப் பெட்டி. இது மெஷின் மோட்டர். இது கால்ல மிதிக்கிறது. இந்த வயர் ப்ளக்கில குத்துறது."

"வேணாம்னு சொல்றேன்ல!" மாரியாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உடுவரை வந்ததும், போயிட்டு வாறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனாள். கீரைக்கட்டு சீட்டிலேயே கிடந்தது.

பதுளை ஸ்டேஷன் வாசலில் றில்வான் மோட்டார் சைக்கிளோடு நின்றான். "ஃபோன் எடுக்கல்லியே உம்மா" என்றான். "கோச்சில சத்தம் கேக்கல்ல மகன்" என்றாள். அவன் வழக்கம்போலப் பையை வாங்கக் கையை நீட்டினான். அவன் கைக்கு அந்தப் பை போவதைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. "பாரமில்ல, நான் வச்சிக்கொள்றன்" என்று மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள். அவனிடம் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் உடுவரையில் மாரியாயி வேறு பெட்டியில் ஏறிக்கொண்டாள். ஸுபைரா கடையில் சாப்பாட்டு நேரத்தில் மேசைக்குப் போடுகிற கண்ணாடிப் பிளாஸ்டிக்கை அளந்து வெட்டினாள். பழைய வேலை, கை மறக்கவில்லை. வெட்டி, மடித்து, ஓரம் அடித்து, பிடி வைத்தாள். ஃபோனை எடுத்து, பாங்கின் சத்தத்தை அணைத்து, அதிர மட்டும் விட்டாள்.

அன்று மாலையும் கோச்சி தாமதம். அது நேரத்துக்கு வந்தால்தான் அதிசயம். ஸுபைரா பையை ஜன்னலுக்குள் போடவில்லை. கூட்டத்தோடு முட்டி மோதி ஏறி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு எல்ல வரைக்கும் நின்றே வந்தாள். சாப்பாட்டுப் பெட்டி, மூட்டுவலி மாத்திரை, கைக்குட்டை, உள்பாவாடைக்கு வாங்கிய நாடா, எல்லாம் ஊருக்கே தெரிந்தன.

எல்லயில் ஏறிய மாரியாயி பச்சைப் பையைத் தேடினாள். பிறகு ஸுபைராவைப் பார்த்தாள். பிறகு அவள் கையில் இருந்ததைப் பார்த்தாள். இரண்டு பேரும் காலியான சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"நான் சொன்னதுக்காகவா இத தச்சீங்க?"

"இல்ல புள்ள. எனக்கே பயமா இரிக்கி."

மாரியாயி அந்தப் பையை வெடுக்கென்று பிடுங்கினாள். தன்னுடைய பெரிய துணிப்பையைத் திறந்து, கீரைக்கட்டையும் ஈர உடுப்பையும் ஒதுக்கிவிட்டு, அதை அப்படியே உள்ளே திணித்து, வாயை இறுக்கிக் கட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு அந்தப் பச்சைப் பைய எடுத்துட்டு வாங்க. அதத்தான் போடணும். எனக்கு எடம் வேணும்."

ஸுபைரா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தேயிலைக்கு மேல் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. தெமோதரை தாண்டி, மலையைச் சுற்றி, கோச்சி சுரங்கத்துக்குள் நுழைந்தது. பெட்டி இருண்டது. இருட்டில் மாரியாயி அவள் பக்கம் சாய்ந்தாள்.

"ராத்தா, மடியில நடுங்குது. பாங்கு சொல்லிருச்சு போல."